டி.பி. ஊசிக்குத் தடித்த கை, தொழுநோய்க் கிருமிக்கு ஏன் அசையவில்லை?

தங்கச்சிமடம் வாத்தியார்

பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். ஆனால் இது வகுப்பறைக் கேள்வி அல்ல, வீட்டுக் கேள்வி.

பெரியப்பா கருவாட்டுக் கொட்டகையில் வேலை பார்ப்பவர். காது மடல் தடித்து, புருவத்தின் ஓரத்தில் முடி உதிர்ந்து, முகம் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கிக்கொண்டிருந்தது. வயதின் கோலம் என்று அவரே சொல்லிக்கொண்டார். போன மாதம் விரலிடுக்கில் பீடி கடைசி வரை எரிந்து தோலைப் பொசுக்கியிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. கருகிய வாடை வந்து பெரியம்மாதான் தட்டிவிட்டார். காது மடலைக் கீறி எடுத்துப் பார்த்ததில் கிருமி 5+ என்று வந்தது. தொழுநோய், அதிலும் கிருமி மிகுந்த வகை.

என் கேள்வி இதுதான். அண்ணனுக்குக் காசநோய் இருப்பதால் வீட்டில் எல்லோருக்கும், காசநோய்க் கிருமியின் சாற்றைத் தோலில் செலுத்திப் பார்க்கும் மான்டூ ஊசி போட்டார்கள். பெரியப்பாவின் முன்கை மூன்றாம் நாள் அழகாகத் தடித்துச் சிவந்திருந்தது. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஒரே குடும்பம், இரண்டும் மைக்கோபாக்டீரியா. ஒன்றின் சாறு கொஞ்சம் பட்டதற்கே அவ்வளவு சண்டை போடும் உடம்பு, மற்றொன்று தோல் முழுக்கக் குடியிருக்கும்போது ஏன் வாய் திறக்கவில்லை? "அந்தக் கிருமியை மட்டும் டி செல்கள் கண்டுகொள்வதில்லை" என்றார் மருத்துவர், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களைச் சொல்கிறார். வரிசை நீளம், அதற்கு மேல் கேட்க முடியவில்லை. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டாம், அதைத்தான் தினமும் நடத்துகிறேன்.

மூலிகை நேசன்

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டது, வேறொன்றும் இல்லை ஐயா. எங்களிடம் கடற்பாசியும் அமுக்கராவும் சேர்த்த சூரணம் இருக்கிறது. ஒரு மண்டலம் சாப்பிட்டால் சக்தி ஏறும். தனிச்செய்தியில் வாருங்கள்.

தங்கச்சிமடம் வாத்தியார்

சக்தி குறைந்தவருக்கு மான்டூ எப்படித் தடித்தது? அதைச் சொல்லிவிட்டு விலையைச் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

ஐயா, வணக்கம். எனக்கு ஊர் மண்டபம், மதுரையில் நோயெதிர்ப்பியல் ஆய்வு மாணவி. நீங்கள் சூரணக்காரரிடம் கேட்ட கேள்விதான் சரியான இடத்தில் தொடங்குகிறது. எதிர்ப்புச் சக்தி என்பது தொட்டித் தண்ணீர்போல் ஏறி இறங்கும் ஒற்றைப் பொருள் அல்ல. ஒவ்வொரு டி செல்லும் தனக்கென்று ஒரு குறியை வைத்திருக்கிறது. ஒரு குறிக்கான செல்கள் ஓய்ந்து கிடக்க, பக்கத்துக் குறிக்கான செல்கள் சுறுசுறுப்பாக இருக்கலாம்.

ஓய்ந்து கிடப்பது என்றால் செத்தது என்றோ சோர்ந்தது என்றோ பொருள் இல்லை. இன்னொரு செல் ஏந்திக் காட்டும் கிருமித் துண்டை டி செல்லின் ஏற்பி பிடிப்பது முதல் சைகை. காட்டுகிற செல்லின் மேல் பி7 என்ற புரதம் இருந்து, அது டி செல்லின் மேலுள்ள சிடி28 என்ற புரதத்தைத் தொட்டால் அது இரண்டாம் சைகை. இரண்டும் சேர்ந்தால் டி செல், தன்னைப் பெருகவைக்கும் இன்டர்லூகின்-2 என்ற புரதத்தைச் சுரந்து பெருகும். 1987இல் ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும், காட்டுகிற செல்களை ரசாயனத்தால் விறைக்கவைத்து, முதல் சைகை மட்டும் போகும்படி செய்தார்கள். டி செல் பெருகவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. பிறகு அதே டி செல்லுக்கு உயிருள்ள நல்ல செல்களைக் கொடுத்து இரண்டு சைகைகளும் கிடைக்க வழிசெய்தார்கள். அப்போதும் அது அசையவில்லை. அதாவது அரைச் சைகை வெறுமனே வீணாகவில்லை, செல்லையே மாற்றிவைத்துவிட்டது. இந்த நிலைக்குத்தான் அனர்ஜி என்று பெயர்.

உள்ளே போகலாம். ஏற்பி தூண்டப்பட்டதும் எல்சிகே, இசட்ஏபி-70 என்ற நொதிகள் வழியாகச் செய்தி இறங்கி, பிஎல்சி-காமா என்ற நொதியை எழுப்புகிறது. அது செல் சவ்விலுள்ள ஒரு கொழுப்பை இரண்டாக நறுக்குகிறது. ஒரு துண்டு (ஐபி3) செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றும். கால்சியம் கால்சினியூரினை எழுப்ப, கால்சினியூரின் என்எஃப்ஏடி என்ற புரதத்தை உட்கருவுக்குள் அனுப்பும். இன்னொரு துண்டு (டையசைல்கிளிசரால், சுருக்கமாக டிஏஜி) ராஸ் புரதத்தை எழுப்பும். அந்த வழியில்தான் ஏபி-1 என்ற இன்னொரு புரதம் உருவாகிறது. இன்டர்லூகின்-2 மரபணுவின் முகப்பில் என்எஃப்ஏடியும் ஏபி-1உம் தோளோடு தோள் உட்கார்ந்தால்தான் மரபணு திறக்கும்.

இரண்டாம் சைகை இல்லாதபோது கால்சியம் வழி ஓடுகிறது, ராஸ் வழி படுத்துவிடுகிறது. என்எஃப்ஏடி துணையில்லாமல் உட்கருவுக்குள் போய்ச் சேருகிறது. அங்கே அது சும்மா இருப்பதில்லை, வேறு மரபணுக்களைத் திறக்கிறது. 2002இல் மாசியனும் சகாக்களும் காட்டியது இதைத்தான். திறக்கப்படுபவை எல்லாம் தடைகள். டிஜிகே-ஆல்ஃபா என்ற நொதி, டிஏஜி உண்டாக உண்டாக அதை வேறொன்றாக மாற்றிவிடும். ராஸுக்குச் செய்தியே போகாது. சிபிஎல்-பி, இட்ச், கிரெயில் ஆகிய மூன்றும் சைகை கடத்தும் புரதங்களுக்கு யுபிக்விட்டின் முத்திரை குத்தி அவற்றை ஓரங்கட்டும் அல்லது அழிக்க அனுப்பும். பிஎல்சி-காமாவே இப்படிக் குறைந்துபோகிறது. இத்தனையும் செல் தானே உழைத்துக் கட்டிக்கொள்வது.

பாம்பன் சம்மாட்டி மகன்

தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது. அதனால் முழுவதும் வாசித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள் தங்கச்சி.

கடலில் மீன் இருக்கிறது என்று தெரிவது முதல் சைகை. மீன்துறை டோக்கன் கொடுப்பது இரண்டாவது. இரண்டும் இருந்தால் விசைப்படகு கிளம்பும். டோக்கன் இல்லாமல் மீனை மட்டும் நம்பிக் கிளம்பிப் பிடிபட்டால், அந்தப் படகின் பெயரைக் குறித்துவைத்து மானிய டீசலை நிறுத்திவிடுவார்கள். அடுத்த வாரம் மீனும் இருக்கும், டோக்கனும் கிடைக்கும், ஆனால் டாங்கி காலி. அப்படித்தானே?

நுண்ணோக்கி

அண்ணே, வகுப்பில் சொல்ல நான் எடுத்துக்கொள்கிறேன். டீசல் நின்றுபோவது டிஏஜி குறைவதற்கு நன்றாகவே பொருந்துகிறது. ஒரு இடத்தில் மட்டும் உடைகிறது. உங்கள் கதையில் தண்டனை அலுவலகத்திலிருந்து வருகிறது. இங்கே தண்டிப்பவர் வெளியே யாரும் இல்லை, படகே தன் டாங்கியைக் காலிசெய்கிறது. இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து இன்டர்லூகின்-2 ஊற்றினால் ஆய்வுத் தட்டில் பல அனர்ஜி செல்கள் மறுபடி பெருகத் தொடங்கும். ஆகவே இது நிரந்தரப் பூட்டு அல்ல.

பாம்பன் சம்மாட்டி மகன்

தானே காலிசெய்யும் படகு இருந்தால் நாங்கள் விற்றுவிடுவோம். உடம்பு ஏன் இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்திருக்கிறது?

நுண்ணோக்கி

தன் உடம்பையே குறியாக வைத்திருக்கும் டி செல்கள் சில, தைமஸ் சுரப்பியின் சோதனையில் தப்பி வெளியே வந்துவிடும். அவை நம் கணையத்தையோ மூட்டையோ சந்திக்கும்போது முதல் சைகை கிடைக்கும். அங்கே ஆபத்து எதுவும் இல்லாததால் பி7 இருக்காது, இரண்டாம் சைகையும் இருக்காது. அந்த இடத்தில் செல் ஓய்ந்துபோவதுதான் நமக்கு நல்லது. சிபிஎல்-பி மரபணுவை நீக்கிய எலிகளின் டி செல்களுக்குச் சிடி28 தேவையே படுவதில்லை. அவற்றின் உடம்பு தன்னைத் தானே தாக்கும் நோய்களுக்கு எளிதில் ஆளாகிறது. தடை இல்லாத செல் வீரன் அல்ல அண்ணே, வீட்டுக்கே ஆபத்து.

உச்சிப்புளி தோல் மருத்துவர்

நல்ல இழை. ஆனால் ஆய்வு மாணவியிடம் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது.

அனர்ஜியின் உள்விவரம் நீங்கள் எழுதியது சரி. அதை அப்படியே தொழுநோயின் மேல் கவிழ்த்துவிடாதீர்கள். வாத்தியாரின் பெரியப்பாவுக்கு வந்திருப்பது கிருமி மிகுந்த லெப்ரோமேட்டஸ் வகை. எதிர் முனையில் டியூபர்குலாய்டு வகை இருக்கிறது. அதில் டி செல்கள் கடுமையாகச் சண்டை போடும், கிருமி அரிதாகத்தான் கிடைக்கும், ஓரிரண்டு தேமலோடு நிற்கும். 1966இல் ரிட்லியும் ஜாப்ளிங்கும் இந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் நோயாளிகளை வரிசைப்படுத்தினார்கள். ஒரே கிருமிதான், மனிதருக்கு மனிதர் டி செல்லின் பதில் மாறுகிறது.

இனி சண்டை. இரண்டு கிருமிகளுக்கும் பொதுவான புரதங்கள் ஏராளம். பெரியப்பாவின் மான்டூ தடித்தது என்றால், அந்தப் பொதுப் புரதங்களை அறிந்த டி செல்கள் அவரிடம் விழிப்போடு இருக்கின்றன. அப்படியானால் அதே செல்கள் தொழுநோய்க் கிருமியிலுள்ள அதே புரதங்களைக் கண்டு ஏன் எழவில்லை? செல்லுக்குள் தடை இருக்கிறது என்று மட்டும் சொன்னால், அந்தச் செல் மான்டூவுக்கும் எழுந்திருக்கக் கூடாது. 1980களில் புளூமும் மெஹ்ராவும் இந்த முடிச்சைத்தான் பிடித்தார்கள். தொழுநோய்க் கிருமிக்கு மட்டுமே உரிய ஒன்று, மற்ற செல்களையும் அடக்கும் செல்களை எழுப்புகிறது என்பது அவர்கள் வாதம். கிருமியின் உறையிலுள்ள பிஜிஎல்-1 என்ற கிளைக்கோலிப்பிட்டை (சர்க்கரை கோத்த கொழுப்பை) கைகாட்டினார்கள்.

நுண்ணோக்கி

டாக்டர், சண்டையை ஏற்றுக்கொள்கிறேன், தோல்வியை இன்னும் இல்லை.

அடக்கும் செல்கள் என்ற கருத்து இடையில் மதிப்பிழந்து, ஃபாக்ஸ்பி3 என்ற புரதம் கொண்ட ஒழுங்குபடுத்தும் டி செல்களாகத் திரும்பி வந்தது. 2025இல் பிரங்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் நோபல் கிடைத்தது அதற்குத்தான். லெப்ரோமேட்டஸ் நோயாளிகளிடம் இந்தச் செல்கள் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. இவை சுரக்கும் இன்டர்லூகின்-10, காட்டுகிற செல்லின் மேலுள்ள பி7ஐக் குறைக்கும். இவற்றின் மேலிருக்கும் சிடிஎல்ஏ-4 என்ற புரதம் பி7ஐப் பறித்தே விடும். பி7 குறைந்த இடத்தில் டி செல்லுக்குக் கிடைப்பது மறுபடியும் அரைச் சைகைதான். நீங்கள் சொல்லும் வெளித் தடையும் நான் சொல்லும் உள் தடையும் ஒரே இடத்தில்தான் வந்து சேருகின்றன. மான்டூ ஊசி கிருமியில்லாத தோலில், பிஜிஎல்-1 இல்லாத சாறோடு போகிறது. அங்கே பொதுப் புரதத்தை அறிந்த செல்லுக்கு முழுச் சைகை கிடைக்கிறது.

சைகை வழியையே நேரடியாகப் பார்த்த வேலையும் உண்டு. 2011இல் டெல்லி எய்ம்ஸ் குழு ஒன்று, தொழுநோயாளிகளின் டி செல்களில் எல்சிகே, இசட்ஏபி-70, சிபிஎல்-பி ஆகியவற்றின் பரஸ்பர இயக்கம் குலைந்திருப்பதை எழுதியது. அதற்கும் முன்னால், 1983இல் அடிஸ் அபாபாவில், லெப்ரோமேட்டஸ் நோயாளிகளின் செல்கள் மேல் வேறு டி செல்கள் வளர்ந்த திரவத்தை ஊற்றிப் பார்த்தார்கள். தொழுநோய்க் கிருமிக்கு அவை பதில் சொல்லத் தொடங்கின. செல்கள் அழிந்துபோயிருந்தால் அது நடந்திருக்குமா?

உச்சிப்புளி தோல் மருத்துவர்

எல்லா நோயாளியிடமும் அது நடக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மற்றபடி ஒப்புக்கொள்கிறேன். ஒரே நோயாளியிடம் மூன்று நான்கு வழிகள் சேர்ந்து ஓடுகின்றன, எதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை தொடரும்.

கீழக்கரை காக்கா

இடையில் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மச்சானுக்குச் சிறுநீரகம் மாற்றி டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறார். கால்சினியூரினைத் தடுக்கும் மருந்து என்று சொன்ன நினைவு. மேலே தங்கச்சி எழுதியதில் அதே பெயர் வருகிறது. டி செல்லை ஓயவைப்பதுதான் நோக்கம் என்றால், இந்த அனர்ஜியை ஒரு முறை உண்டாக்கிவிட்டு மாத்திரையை நிறுத்திவிட முடியாதா? மாத்திரைச் செலவு கழுத்தைப் பிடிக்கிறது.

நுண்ணோக்கி

காக்கா, நீங்கள் கேட்டது இந்தத் துறையின் பெரிய ஏக்கம். இதில் ஒரு முரண் இருக்கிறது. டாக்ரோலிமஸும் சைக்ளோஸ்போரினும் கால்சினியூரினை நிறுத்துவதால் என்எஃப்ஏடி உட்கருவுக்குள் போவதே இல்லை. சண்டைக்கான மரபணுவும் திறக்காது, தடைக்கான மரபணுவும் திறக்காது. ஆய்வகத்தில் சைக்ளோஸ்போரின் சேர்த்தால் அனர்ஜி உண்டாவதே நின்றுபோகிறது. மருந்து இருக்கும் வரை செல் அமைதியாக இருக்கும், ஆனால் புதுச் சிறுநீரகத்தை ஏற்றுக்கொள்ளக் கற்காது. மருந்தை நிறுத்தினால் பழைய பகையோடு எழும்.

இரண்டாம் சைகையை மட்டும் மறைக்கும் மருந்தும் வந்துவிட்டது. பெலாட்டாசெப்ட், 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது போய் பி7ஐ மூடிக்கொள்ளும். அதோடும் வேறு மருந்துகள் தேவைப்படுகின்றன. ஏற்கனவே அனுபவப்பட்ட நினைவு டி செல்களுக்கு இரண்டாம் சைகை அவ்வளவாக வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். மச்சானுக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவற வேண்டாம்.

கீழக்கரை காக்கா

தவறவில்லை, லாத்தா அலாரம் வைத்துக் கொடுக்கிறார். நன்றி தங்கச்சி.

பாம்பன் சம்மாட்டி மகன்

புற்றுநோய்க்கு டி செல்லை எழுப்பும் ஊசி என்று செய்தியில் வருகிறதே, அதுவும் இந்த அனர்ஜிதானா?

நுண்ணோக்கி

அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சங்கதி, களைப்பு நிலை. அனர்ஜி தொடக்கத்திலேயே அரைச் சைகை கிடைத்து வருவது. களைப்பு, முழுச் சைகையோடு சண்டையைத் தொடங்கிய செல், எதிரி போகாமல் மாதக்கணக்கில் நிற்பதால் வருவது. அதில் பிடி-1 என்ற புரதம் மேற்பரப்பில் ஏறிச் சைகைகளை அமுக்கும். அதை மறைக்கும் மருந்துகளுக்கு அடிகோலியவர் ஹோன்ஜோ, சிடிஎல்ஏ-4ஐ மறைத்துக் காட்டியவர் ஆலிசன்; 2018இல் இருவருக்கும் சேர்த்து நோபல். இரண்டு நிலைகளிலும் துணையில்லாத என்எஃப்ஏடி வேலை செய்கிறது என்பதால் வீடுகளுக்கு நடுவில் சுவர் அவ்வளவு தடிமன் இல்லை.

தங்கச்சிமடம் வாத்தியார்

அப்படியானால் அந்த ஊசியைத் தொழுநோய்க்கும் போட்டு ஓய்ந்த செல்களை எழுப்பிவிடலாமே, டாக்டர்?

உச்சிப்புளி தோல் மருத்துவர்

இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கூடாது. தொழுநோய்க் கிருமி எங்கே ஒளிந்திருக்கிறது? நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்லுக்குள். அங்கே டி செல்கள் திடீரென்று விழித்தால் அடி விழுவது நரம்புக்கு.

இதை ஊசி எதுவும் போடாமலே பார்க்கிறோம், முதல் வகை எதிர்வினை என்போம். நடுத்தர வகை நோயாளிகளுக்குச் சிகிச்சையின்போதோ முடிந்த பிறகோ எதிர்ப்பு தானாகத் திரும்பும். பழைய தேமல் சிவந்து வீங்கும். முழங்கை நரம்பு கயிறுபோல் தடித்து, தொட்டால் உயிர் போகும் வலி. ஓரிரு நாளில் மணிக்கட்டோ பாதமோ தொங்கிவிடலாம். உடனே பிரெட்னிசலோன் கொடுத்து அந்த எதிர்ப்பை நாங்களே அடக்குகிறோம். நேற்று வரை கண்டுகொள்ளாத செல் இன்று கண்டுகொண்டதற்காக மருந்து எழுதுகிற வேடிக்கையான தொழில் எங்களுடையது.

பெரியப்பாவின் வகையில் இதைவிட அதிகம் எதிர்பார்க்க வேண்டியது இரண்டாம் வகை எதிர்வினை. காய்ச்சல், தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள், மூட்டு வலி, கண் சிவப்பு. கிருமி எண்ணிக்கை அதிகமுள்ளவர்களுக்கு அதன் வாய்ப்பும் அதிகம். இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று கூட்டு மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கிருமியைக் கொல்ல டி செல்லை எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபாசிமின் மூன்றும் சேர்ந்த கூட்டு மருந்தை 1982 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்த வகைக்குப் பன்னிரண்டு மாதம், அரசு மருத்துவமனைகளில் இலவசம். டி செல் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிருமி சாகும்.

மூலிகை நேசன்

இயற்கையை மறுக்கிறீர்கள். ரசாயன மாத்திரையால் உடம்பு கறுத்துப்போகும், பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிமடம் வாத்தியார்

கறுக்கிறது, உண்மைதான். பெரியப்பாவுக்கு முகம் செம்பழுப்பாகத் தொடங்கி இப்போது கருவாட்டு வாளியின் அடிபோல் இருக்கிறது. கொட்டகையில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள் என்று மாத்திரையை விட்டுவிடப் பார்க்கிறார். உங்களைப் போன்ற ஒருவர் அங்கேயும் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு எரிச்சல். டாக்டர், அவரிடம் என்ன சொல்வது?

உச்சிப்புளி தோல் மருத்துவர்

நிறம் குளோஃபாசிமினால் வருவது. மருந்து முடிந்த பின் மாதங்கள் செல்லச் செல்ல வெளுத்துவிடும். கை மரத்துப்போவது வெளுக்காது. அவரிடம் இந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், கடலோரத்து ஆட்களிடம் சுற்றி வளைத்தால் எடுபடாது. மாதத்துக்கு ஒரு முறை ரிஃபாம்பிசின் விழுங்கும் நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து தொடங்கிச் சில நாட்களிலேயே அவரால் அடுத்தவருக்குப் பரவும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும் என்பதைக் கொட்டகைக்காரர்களிடம் சொல்லுங்கள்.

கருவாடு புரட்டும்போது உப்பும் முள்ளும் கையில் ஏறும், அவருக்குத் தெரியாது. கையுறை போடச் சொல்லுங்கள். தினமும் ராத்திரி பெரியம்மா இரண்டு உள்ளங்கையையும் பாதத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும்.

தங்கச்சிமடம் வாத்தியார்

கடைசியாக ஒன்று, இரண்டு பேரும் சொல்லுங்கள். மாத்திரை முடிந்து கிருமி செத்த பிறகு, அந்த டி செல்கள் தெளிந்துவிடுமா?

நுண்ணோக்கி

லெப்ரோமேட்டஸ் முனையில் பெரும்பாலும் தெளிவதில்லை ஐயா. கிருமிச் சாற்றைத் தோலில் செலுத்திப் பார்க்கும் லெப்ரோமின் சோதனை, சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்தும் அவர்களிடம் தடிப்பதில்லை. செத்த கிருமியின் சிதிலங்கள் உடம்பில் நெடுநாள் தங்குவது ஒரு காரணமாக இருக்கலாம்; முதல் சைகை மெல்லியதாக வந்துகொண்டே இருக்கும். எந்தச் செல் எந்தத் தடையை எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்பதை மனிதத் தோலிலிருந்தே எடுத்துப் பார்க்கும் வேலை இப்போதுதான் சூடு பிடிக்கிறது.

உச்சிப்புளி தோல் மருத்துவர்

அதனால்தான் மருந்து முடிந்த பிறகும் கூப்பிட்டுப் பார்க்கிறோம்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா? கூட இருப்பவர்கள் எல்லோரையும் சட்டை கழற்றிப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் தடுப்பாகக் கொடுப்பார்கள். ஆனால் உங்கள் வீட்டில் காசநோயும் இருக்கிறது. இருமல், மாலைக் காய்ச்சல் உள்ள யாருக்கும் காசநோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் அந்த ஒற்றை வேளையைக் கொடுக்கக் கூடாது, அங்கே இருப்பவர்களிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம் வாத்தியார்

அண்ணன் மகள் முதுகில் வெளிறிய தேமல் ஒன்று இருக்கிறது. அரிப்பு இல்லை என்கிறாள். திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எல்லோரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

உச்சிப்புளி தோல் மருத்துவர்

வாருங்கள். தேமலின் மேல் பால்பாயின்ட் பேனா முனையால் லேசாகத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் இடத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாருங்கள். எப்படிக் காட்டினாலும் அழைத்து வாருங்கள்.